துப்பாக்கி இல்லாமல் போகிறவனுக்கு அங்கே என்ன வேலை?

கேள்வி: வணக்கம் மேஜர் ஐயா. எனக்கு 29 வயது. தரைப்படையில் கேப்டன், இப்போது கோலாலம்பூரில் சுங்கை பெசி முகாமில் இருக்கிறேன். சொந்த ஊர் பினாங்கு, பிறை. ஐ.நா. இராணுவப் பார்வையாளர் பயிற்சிக்கு என் பெயரையும் சேர்த்திருப்பதாக மேலதிகாரி சொன்னார். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் வீட்டில் ஒரே ரகளை. "துப்பாக்கி இல்லாமல் சண்டை நடக்கிற இடத்துக்குப் போகிறவனுக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார் அப்பா. அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் உதறல். ஆங்கிலம் பேசிவிடுவேன், எழுதுவதுதான் தடுமாற்றம். லைசென்ஸ் டிஏ, ஆட்டோ கியர் மட்டும் ஓட்டுவேன். பயிற்சியில் என்ன பார்ப்பார்கள், இப்போதே எதைத் தயார் செய்யலாம்? இன்னொன்று, வீட்டில் எனக்குப் பெண் பார்த்து வைத்திருக்கிறார்கள். கல்யாணத்தை முடித்துவிட்டுப் போகலாமா, போய் வந்து வைத்துக்கொள்ளலாமா? பெயர் வேண்டாம்.

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் எனக்கு வயிற்றைக் கலக்கியது அப்பாவின் கேள்வி இல்லை, உங்கள் ஆங்கிலமும் இல்லை, அந்த டிஏ லைசென்ஸ்தான். அதனால் அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

சண்டை நிறுத்தத்தை யார் மீறுகிறார் என்று பார்த்து எழுதுகிற பார்வையாளரின் வாழ்க்கையில் பாதி நாள் வண்டிக்குள்தான் போகிறது. டிரைவர் யாரும் கிடையாது, நீங்களே ஓட்ட வேண்டும், அதுவும் நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி, பல இடங்களில் மேனுவல் கியர், ரோடு என்று ஒன்று இருந்தால் அதிர்ஷ்டம். களத்துக்குப் போய் இறங்கியதும் ஐ.நா. தனியாக ஓட்டுநர் சோதனை வைக்கும், ஆங்கிலத்தையும் சோதித்துப் பார்க்கும். இரண்டிலும் தேறாதவரைத் திருப்பி அனுப்பிவிடலாம், விமானச் செலவு அனுப்பிய நாட்டின் தலையில். என்னோடு இறங்கிய வேற்று நாட்டு அதிகாரி ஒருவர், அருமையான மனிதர், பாலைவன மேட்டில் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பச் சொன்னபோது மூன்று முறை இஞ்சின் நின்றுபோய், நாலாவது முறை வண்டி பின்னால் உருண்டு அங்கே வைத்திருந்த டிரம்மில் இடித்தது. மறு சோதனைக்கு அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தார்கள். அந்த இடைப்பட்ட நாட்களில் அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆகவே இந்த மாதமே ஜேபிஜேயில், அதுதான் சாலைப் போக்குவரத்து இலாகாவில், லைசென்ஸை மேனுவலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் வாங்கினால் மட்டும் போதாது. பிறையில் யாராவது மாமா, சித்தப்பாவிடம் பழைய மேனுவல் ஹைலக்ஸ் ஒன்று கண்டிப்பாக இருக்கும், இல்லாத குடும்பம் நம் ஊரில் உண்டா? லீவில் வரும்போது அதைக் கேட்டு வாங்கி பாலிக் பூலாவ் மலை வளைவுகளில் ஓட்டுங்கள், மழை பெய்த செம்மண் தடத்தில் ஓட்டுங்கள், கண்ணாடியை மட்டும் பார்த்துப் பின்னால் எடுத்துப் பழகுங்கள். டயர் பஞ்சரானால் யாரையும் போன் பண்ணிக் கூப்பிடாமல் நீங்களே மாற்றுங்கள். மணலில் டயர்க் காற்றைக் குறைத்தால் வண்டி ஏறும், கெட்டித் தரைக்கு வந்ததும் மறுபடி ஏற்ற வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். ஆனால் கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்பதை அங்கே போய்க் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.

சரி, இப்போது அப்பா.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. நம்மவர்கள் காதில் 'அமைதிப்படை' என்ற சொல் விழுந்தாலே 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்தியப் படைதான் நினைவுக்கு வரும், அதை யாரும் நல்ல நினைவாகச் சொல்வதில்லை. அது ஐ.நா. அனுப்பிய படை இல்லை, இரண்டு அரசாங்கங்கள் பேசி வைத்த ஏற்பாடு, ஆயுதத்தோடு வந்து கடைசியில் சண்டையிலேயே இறங்கிவிட்டது. உங்கள் வேலைக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. அப்பாவுக்குப் புரிகிற உதாரணம் சொல்ல வேண்டுமென்றால் அதே இலங்கையில் 2002இலிருந்து 2008 வரை நார்டிக் நாட்டவர்கள் கண்காணிப்புக் குழு என்று இருந்தார்களே, அவர்களைச் சொல்லுங்கள். அதுவும் ஐ.நா. இல்லை, ஆனால் வேலையின் சாயல் அதுதான்: கையில் ஆயுதம் இல்லை, இரண்டு பக்கமும் போக வேண்டும், உடன்பாட்டை யார் மீறினார் என்று பார்த்து எழுத வேண்டும்.

லெபனானில் ஐ.நா. பணியில் 2007இலிருந்து நம் மலேசியப் படைப்பிரிவான மால்பாட் இருக்கிறது, அது வேறு வகை. அங்கே நம் பையன்கள் மொத்தமாக, ஆயுதத்தோடு, நம் சமையல்காரரோடு, நம் கொடியின் கீழ் இருப்பார்கள். பார்வையாளர் அப்படி இல்லை. தனி ஆளாகப் போவீர்கள். பத்துப் பதினைந்து பேர் இருக்கிற ஒரு சின்ன முகாம், அதில் ஆளுக்கு ஒரு நாடு, ரோந்துக்குப் போகும்போது பக்கத்து சீட்டில் இருப்பவர் எந்த நாட்டுக்காரராகவும் இருக்கலாம். ஐ.நா.வின் முதல் அமைதி காப்புப் பணியே இந்தப் பார்வையாளர் பணிதான், 1948இல் பாலஸ்தீனத்தில் ஆரம்பித்தது, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. காஷ்மீரில் 1949இலிருந்து. மேற்கு சகாராவில் 1991இலிருந்து. நம் நாடு 1960இல் காங்கோவுக்குப் படை அனுப்பிய காலத்திலிருந்தே இந்த வழக்கத்தில் இருக்கிறது. பிலிப்பைன்ஸின் மிண்டனாவோவில் 2004இல் தொடங்கிய போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கியதும் நாம்தான்.

ஏன் துப்பாக்கி இல்லை? இதை அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். ஒரு சோதனைச் சாவடியில் முப்பது பேர் நிற்கிறார்கள், எல்லாரிடமும் ரைஃபிள். நீங்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு பிஸ்டலோடு போனால் அந்த முப்பது பேரை என்ன செய்துவிடப் போகிறீர்கள்? ஒன்றும் செய்ய முடியாது, ஆனால் அந்தப் பிஸ்டலைப் பார்த்ததும் அவர்கள் உங்களையும் ஒரு தரப்பாக எண்ணத் தொடங்கிவிடுவார்கள். வெறுங்கையோடு, வெள்ளை வண்டியில், நீலத் தொப்பியோடு போகும்போது உங்களை உள்ளே விடுவதில் அவர்களுக்கு நஷ்டம் இல்லை, சில சமயம் லாபம்கூட, ஏனென்றால் எதிர்ப்பக்கம் செய்வதையும் நீங்கள்தானே எழுதப் போகிறீர்கள். இரண்டு தரப்பின் சம்மதம்தான் உங்கள் கவசம். அது போய்விட்டால் அங்கே நிற்கக் கூடாது, வெளியேறிவிட வேண்டும், அதற்கும் பயிற்சி உண்டு.

இனி உங்கள் பயிற்சி. போர்ட் டிக்சனில் செகெந்திங் முகாமில் நம் அமைதி காப்பு மையம் 1996இலிருந்து இருக்கிறது, வெளிநாட்டு அதிகாரிகளும் அங்கே வந்து படிப்பார்கள். மலேசியாவில் பார்வையாளர் ஆகிறவனுக்குப் பாதை அந்தக் கடற்கரை வழியாகத்தான். ஐ.நா. கொடுக்கிற பாடத்திட்டம்தான் அடிப்படை, ஆகவே கென்யாவில் படித்தவரும் பின்லாந்தில் படித்தவரும் நீங்களும் ஏறக்குறைய அதையேதான் படித்திருப்பீர்கள். மேப், ரேடியோ, முதலுதவி, கண்ணிவெடி, பேச்சுவார்த்தை, பொதுமக்கள் பாதுகாப்பு என்று அட்டவணை நிறைய இருக்கும். பெரும்பாலானவை கேப்டனாக இருக்கிற உங்களுக்குப் பாதி தெரிந்தவை. தெரியாதது ஒன்றே ஒன்று, அதில்தான் நல்ல நல்ல அதிகாரிகள் வழுக்குகிறார்கள்: பார்த்ததை எழுதுவது.

சிரிக்காதீர்கள். நான் வழுக்கிய கதையைச் சொல்கிறேன். என் பயிற்சிக் காலத்தில் ஒரு நாள் ஒரு மேட்டில் பைனாகுலரோடு எங்களை உட்கார வைத்தார்கள். கீழே ஒரு பிக்அப் வண்டி வந்தது, பச்சைச் சட்டை போட்ட நாலு பேர் இறங்கினார்கள், ஒரு கொட்டகையிலிருந்து நீளமான மரப்பெட்டிகளைத் தூக்கிவந்து ஏற்றினார்கள், இரண்டு பேர் சேர்ந்து தூக்குகிற கனம். வண்டி போய்விட்டது. நான் எழுதினேன்: நாலு கிளர்ச்சிக்காரர்கள் ஆயுதப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போனார்கள். என்னமோ பெரிய துப்பறிவாளன் என்று நினைப்பு. மாலையில் பயிற்றுநர் அந்தப் பெட்டிகளில் ஒன்றை வகுப்புக்குள் கொண்டுவரச் சொல்லி மூடியைத் திறந்தார். உள்ளே தண்ணீர் பைப். வெள்ளை பிவிசி பைப், அடியில் ஈரமண். பிறகு என் ரிப்போர்ட்டை எடுத்து எல்லார் முன்னாலும் வாசித்துவிட்டு நாலு கேள்வி கேட்டார். கிளர்ச்சிக்காரர்கள் என்று யார் சொன்னது? பெட்டிக்குள் இருப்பதை நீ பார்த்தாயா? எத்தனை பெட்டி? எத்தனை மணிக்கு? நாலுக்கும் என்னிடம் பதில் இல்லை. என் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன லெப்டினன்ட் எழுதியிருந்தான்: 10.42க்கு வெள்ளை பிக்அப் ஒன்று, பச்சைச் சட்டை அணிந்த நாலு ஆண்கள், ஆயுதம் கண்ணில் படவில்லை, சுமார் இரண்டு மீட்டர் நீளமுள்ள ஆறு மரப்பெட்டிகள், உள்ளே என்ன என்று தெரியவில்லை, 10.55க்கு வடக்கு நோக்கிப் புறப்பட்டது. அவ்வளவுதான். மொட்டையாக இருக்கிறதா? இருக்கட்டும், அந்த மொட்டை வரிகளை வைத்துக்கொண்டு இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசலாம். என் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு போனால் 'எங்கள் தண்ணீர்க் குழாயை ஆயுதம் என்கிறான், இவன் எதிரியின் ஆள்' என்று ஒரு தரப்பு எழுந்து போய்விடும், அப்புறம் என்னை மட்டுமில்லை, எனக்குப் பின்னால் வருகிற எந்தப் பார்வையாளரையும் நம்ப மாட்டார்கள்.

பட்டாளத்தில் நமக்குச் சொல்லித் தந்தது இதற்கு நேர் எதிர், அதுதான் சிக்கல். கொஞ்சம் தெரிந்தாலும் சட்டென்று முடிவெடு, எதிரி யார் என்று தீர்மானி, நடவடிக்கையில் இறங்கு என்று பத்து வருஷமாக நம் மூளையில் ஏற்றியிருக்கிறார்கள். பார்வையாளருக்கு எதிரியே கிடையாது. அவர் கேள்விப்பட்டதைக் 'கேள்விப்பட்டது' என்றும், பார்த்ததைப் 'பார்த்தது' என்றும், ஊகித்ததைத் தனி வரியில் 'என் கருத்து' என்றும் எழுத வேண்டும். இந்த மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிட்டால் ஆங்கிலம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அந்த ரிப்போர்ட் குப்பைதான்.

இதனால்தான் உங்கள் ஆங்கில பயத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி. குட்டிக் குட்டி வாக்கியம். ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள சிலர் எழுதுகிற ரிப்போர்ட் பக்கம் பக்கமாகப் போகும், கடைசியில் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையே இருக்காது. ஒரு பயிற்சி சொல்கிறேன், செலவு ஒரு தே தாரிக். ஞாயிற்றுக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் போய் துன் சம்பந்தன் சாலையைப் பார்த்த மாதிரி ஒரு மாமாக் கடையில் உட்காருங்கள். முப்பது நிமிடம் சாலையின் ஒரு துண்டை மட்டும், உதாரணமாக ஒரு சிக்னலிலிருந்து ஒரு பூக்கடை வரை, பாருங்கள். போனைத் தொடக் கூடாது. அப்புறம் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதுங்கள். 'கோபமாக', 'சந்தேகமாக', 'வேண்டுமென்றே' மாதிரி ஒரு சொல் வந்தால் அடித்துவிட்டு அதற்குப் பதில் கண்ணால் கண்டதை எழுதுங்கள்: குரல் உயர்த்தினார், மூன்று முறை திரும்பிப் பார்த்தார், கையில் இருந்த பையைக் கீழே போட்டார். பத்து ஞாயிறு இதைச் செய்தால் போதும், எந்த டியூஷனும் தேவையில்லை. முதல் வாரம் நீங்கள் எழுதியதைப் பார்த்து உங்களுக்கே எரிச்சல் வரும், பக்கத்து மேசையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றுகூட நினைவிருக்காது.

ரேடியோவில் ஒரு சின்ன விஷயம். சரியாகக் கேட்கவில்லை என்றால் 'சே அகெய்ன்' என்று சொல்ல வேண்டும், 'ரிப்பீட்' என்று சொல்லிவிடாதீர்கள், பீரங்கிப் படையில் அதற்கு 'அதே இடத்தில் மறுபடி சுடு' என்று அர்த்தம். நீங்கள் காலாட்படையா பீரங்கிப்படையா என்று எழுதவில்லை, தெரிந்திருந்தால் மன்னிக்கவும்.

மேப் பற்றி நீண்ட உரை வேண்டாம். மேப்பில் இடத்தைக் குறிக்கிற ஆறு இலக்க கிரிட் எண் உங்களை நூறு மீட்டர் கட்டத்துக்குள் நிறுத்தும், எட்டு இலக்கம் பத்து மீட்டருக்குள். ஜிபிஎஸ் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், பேட்டரி தீர்ந்த அன்றைக்குத்தான் காகித மேப்பின் அருமை தெரியும். குண்டு விழுந்த குழியைப் பார்த்து எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கணிக்கிற பாடம் ஒன்று வரும், எனக்கு மிகவும் பிடித்த பாடம் அது. மண் எந்தப் பக்கம் அதிகமாகத் தெறித்திருக்கிறது, குழி எந்தப் பக்கம் சரிந்திருக்கிறது என்று பார்த்து, குச்சி நட்டு, நூல் கட்டி, திசைகாட்டியை வைத்து ஒரு எண்ணைப் படிப்பீர்கள். முழங்கால் மண்ணில் புதைய, வெயில் முதுகைச் சுட, அந்த ஒரு எண்ணுக்காக ஒரு மணி நேரம் போகும். இரண்டு தரப்பும் 'அவன்தான் சுட்டான்' என்று கத்திக்கொண்டிருக்கும்போது பேச்சை அடக்குவது அந்த எண்தான்.

அடுத்தது சோதனைச் சாவடி நாடகம். பயிற்சியில் உங்கள் வண்டியை மறிப்பார்கள். குடித்த மாதிரி நடிக்கிற ஒருவன் ஜன்னலில் தலையை விட்டு உங்கள் கைக்கடிகாரத்தைக் கேட்பான், இன்னொருவன் வண்டியின் பின்கதவைத் திறக்கச் சொல்லிக் கத்துவான். நடிப்பு என்று தெரிந்திருந்தும் ரத்தம் தலைக்கு ஏறும், பாருங்கள். நெருங்கும்போதே ரேடியோவில் முகாமுக்குச் சொல்லிவிடுங்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், கை இரண்டும் ஸ்டீயரிங் மேல் தெரிகிற மாதிரி இருக்கட்டும், பைக்குள் எதையும் எடுக்கக் கை விடாதீர்கள், படம் எடுக்கிற எண்ணமே வேண்டாம். ஐ.நா. வண்டியைச் சோதனை போட அவர்களுக்கு உரிமை இல்லை, அதைச் சிரித்த முகத்தோடு, ஐந்து முறை கேட்டாலும் ஐந்து முறையும் அதே குரலில் சொல்ல வேண்டும், உங்கள் மேலதிகாரியிடம் பேசலாமே என்று வழி விட வேண்டும். என் குழுவில் மிகத் திறமையான ஒரு கமாண்டோ அதிகாரி இருந்தார். மூன்றாம் நிமிடத்தில் நடிகனின் கையைப் பிடித்து முறுக்கிவிட்டார். அவர் திறமையே அவருக்கு எமன்.

மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசுகிற பாடம் நம் மாதிரி பிள்ளைகளுக்குச் சர்க்கரைப் பொங்கல். சின்ன வயதில் என் பாட்டியை அரசாங்க கிளினிக்குக் கூட்டிப் போய் மலாயில் டாக்டருக்குச் சொல்கிற வேலை எனக்குத்தான், உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும். டாக்டர் என்னைப் பார்த்தே பேசுவார், பாட்டி ஒரு நாற்காலி மாதிரி ஓரமாக உட்கார்ந்திருப்பார், வெளியே வந்ததும் "அந்த ஆள் என்னைப் பார்க்கவே இல்லையே" என்பார். அதையே நினைவில் வையுங்கள். கண் எப்போதும் எதிரே இருக்கிற கிராமத்துத் தலைவர் மேல் அல்லது தளபதி மேல், மொழிபெயர்ப்பாளர் மேல் இல்லை. இரண்டு வாக்கியம் பேசி நிறுத்துங்கள். ஜோக் அடிக்காதீர்கள், மொழிபெயர்க்கும்போது அது செத்துப்போகும் அல்லது சண்டையாகிவிடும். மொழிபெயர்ப்பாளரும் அந்த ஊர்க்காரர்தான், நீங்கள் போன பிறகும் அவர் அங்கேதான் வாழ வேண்டும், அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள்.

அப்புறம் பொறுமை. நான் இருந்த மேற்கு சகாராவில் ஏறக்குறைய 2,700 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு மணல் அரண் ஓடுகிறது, ஒரு பக்கம் மொராக்கோ படை, மறுபக்கம் அந்த மண்ணுக்கு விடுதலை கேட்கிற பொலிசாரியோ இயக்கம். அரணை ஒட்டி ஐந்து கிலோமீட்டர் அகலத்துக்கு யாருடைய படையும் நுழையக் கூடாத பட்டை. நாம் பார்ப்பது அதைத்தான்: போன வாரம் மூன்று கூடாரம் இருந்த இடத்தில் இந்த வாரம் நாலு இருக்கிறதா, புதிதாக ஒரு பள்ளம் தோண்டியிருக்கிறார்களா. பாலைவனத்து மக்கள் டீ கொடுத்தால் மூன்று சுற்று கொடுப்பார்கள். கரி அடுப்பில் வைத்து, உயரத் தூக்கி ஊற்றி, நுரை வரும்வரை ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி மாற்றி, அதற்கே முக்கால் மணி நேரம் ஆகும். அவசரக்காரர்கள் முதல் சுற்றோடு எழுந்துவிடுவார்கள். மூன்றாவது சுற்றில்தான் "அந்தப் பள்ளத்துப் பக்கம் போன வாரம் ஒரு வண்டி வந்தது" என்று யாராவது வாய் திறப்பார். நம் ஆட்களுக்கு இது பழக்கம்தானே, மாமாக் கடையில் ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்காருகிற ஜாதி நாம்.

அம்மாவிடம் 'ஒன்றும் ஆகாது' என்று பொய் சொல்லாதீர்கள், கூகிளில் தேடினால் எல்லாம் வந்துவிடும். 1988இல் தெற்கு லெபனானில் ஹிக்கின்ஸ் என்ற அமெரிக்கப் பார்வையாளரைக் கடத்திப் போய்க் கொன்றார்கள். 1995இல் பொஸ்னியாவில் பார்வையாளர்களைப் பிடித்துச் சங்கிலியால் கட்டி வைத்தார்கள். 2006 ஜூலை 25 அன்று லெபனானின் கியாம் கண்காணிப்பு நிலையத்தின் மேல் இஸ்ரேலிய குண்டு விழுந்து நாலு பார்வையாளர்கள் இறந்தார்கள், ஆஸ்திரியா, கனடா, சீனா, பின்லாந்து, ஆளுக்கொரு நாடு. 1948இலிருந்து ஐ.நா. அமைதி காப்பில் இறந்தவர்கள் மொத்தம் 4,000 பேருக்கு மேல். ஆனால் அதில் தாக்குதலில் போனவர்களைவிட நோயிலும் விபத்திலும் போனவர்கள் அதிகம், இதை அம்மாவுக்குச் சொல்லுங்கள், ஏனென்றால் அந்த இரண்டும் பெரும்பாலும் உங்கள் கையில் இருக்கிறது. சீட் பெல்ட் போடுங்கள், இருட்டில் ஓட்டாதீர்கள், ஏற்கெனவே தடம் இல்லாத இடத்தில் டயரை வைக்காதீர்கள், கண்ணிவெடி அங்கேதான் இருக்கும். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாளுக்கு முன்பாவது போட்டுக்கொள்ளுங்கள். மலேரியா மாத்திரையை 'எங்கள் ஊரில் டெங்கியே பார்த்தவன் நான்' என்று வீரம் பேசித் தவிர்க்காதீர்கள், அப்படிப் பேசிய ஒருவரை ஹெலிகாப்டரில் ஏற்றி அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, வெட்கம் போல. சம்பளம் இங்கே வழக்கம்போல வரும், அங்கே ஐ.நா. ஒரு படித்தொகை நேரடியாகத் தரும், அதில்தான் உங்கள் தங்குமிடமும் சாப்பாடும். மிச்சம் பிடிக்கலாம், ஆனால் அதற்காகவே போகிறவர்கள் ஆறாவது மாதத்தில் முகம் வாடி நிற்பார்கள். சமையல் முறை வைத்துச் செய்ய வேண்டியிருக்கும், ஆகவே அம்மாவிடம் ரசமும் ஒரு நெத்திலி சம்பலும் கற்றுக்கொள்ளுங்கள், அம்மாவுக்கும் மனம் வேறு பக்கம் திரும்பும். என் ரசத்தை ஒரு உருகுவேக்காரர் காபிக் கோப்பையில் குடிப்பார்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகப் பேசுகிறேன். உள்ளூர்ப் பெண்களிடம் பணமோ பொருளோ கொடுத்து உறவு, பதினெட்டு வயதுக்குக் கீழே யாரோடும் எந்த உறவும், இரண்டும் ஐ.நா.வில் தடை, 2003இலிருந்து எழுத்தில் இருக்கிறது, 'எனக்கு வயது தெரியாது' என்று சாக்குச் சொல்ல முடியாது. சாப்பாட்டுக்கே வழியில்லாத இடத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டுக்கு என்ன பலம் என்பது அங்கே போனால் தெரியும். கூட இருக்கிறவன் செய்தாலும் புகார் கொடுக்க வேண்டியது உங்கள் கடமை. நட்பு கெட்டுப்போகும், போகட்டும்.

இடையில் மற்ற வாசகர்களுக்கு இரண்டு வார்த்தை. பெண் அதிகாரிகள் சிலர் எங்களுக்கு இதில் இடம் உண்டா என்று கேட்டு எழுதுகிறார்கள். தாராளமாக, 2028க்குள் பார்வையாளர்களிலும் தலைமையகப் பணி அதிகாரிகளிலும் கால்வாசிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்பது ஐ.நா. வைத்திருக்கிற இலக்கு, பல கிராமங்களில் பெண்களிடம் போய்ப் பேச உங்களால்தான் முடியும். 'வாட்சாப்பில் ஐ.நா. பார்வையாளர் வேலை வந்திருக்கிறது, பதிவுக் கட்டணம் கட்டலாமா' என்று கேட்பவர்களுக்கு: கட்டாதீர்கள். இதற்குத் தனி ஆளாக விண்ணப்பிக்க வழியே இல்லை, பணியில் இருக்கிற அதிகாரியை நாடுதான் அனுப்ப வேண்டும், ஐ.நா. எந்த வேலைக்கும் யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை.

கல்யாணம். பொதுவாக ஒரு வருஷப் பணி, பெரும்பாலும் குடும்பத்தைக் கூட்டிப் போக முடியாத இடங்கள். விடுமுறை மாதத்துக்கு இரண்டரை நாள் கணக்கில் சேரும், சேர்த்து வைத்தால் நடுவில் ஒரு தடவை வந்து போகலாம். தாலி கட்டிய மறுமாதம் கிளம்பிப் போய் அந்தப் பெண்ணை உங்கள் அம்மாவோடு பிறை வீட்டில் விட்டுவிட்டு, இரவு பத்து மணிக்கு விட்டு விட்டு வருகிற வீடியோ காலில் "சாப்பிட்டியா" என்று கேட்டுக்கொண்டிருப்பது, என் கருத்தில், இரண்டு பேருக்கும் அநியாயம். நிச்சயம் வேண்டுமானால் பண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் இந்தச் செய்தியை அம்மா மூலம், தரகர் மூலம், அக்கா மூலம் அனுப்பாமல் நீங்களே அந்தப் பெண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள், எங்கே போகிறீர்கள், எத்தனை மாதம், துப்பாக்கி இருக்காது என்பது உட்பட. அவர் என்ன சொன்னார் என்பதை வைத்துத் தேதியை முடிவு பண்ணுங்கள், அவர் என்ன நினைத்திருப்பார் என்று நீங்களாக ஊகித்து இல்லை.

ஜேபிஜே தேதி கிடைத்ததும் ஒரு வரி எழுதுங்கள். ஹைலக்ஸ் கிடைக்கவில்லை என்றால் என் மச்சான் ஒருவர் புக்கிட் மெர்த்தாஜாமில் பழைய மேனுவல் லாரி வைத்திருக்கிறார், கிளட்ச் கொஞ்சம் கடினம், பிரேக் நன்றாகவே இருக்கிறது.